பிரபு ஊதாத சாக்ஸபோன்

அடம்பனில் ஒரு கலியாண வீடு. மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கீபோட்காரர் அதுவரை புதுப்பாட்டுகளாக அடிச்சுத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆரும் பெரிசாகக் கவனிக்கவில்லை. பிறகு சாக்ஸபோன் சத்தத்தைத் தெரிவுசெய்து ஒரு மெட்டை மெதுவாக வாசிச்சார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆக்கள் சோத்தில் வைச்ச கையோடு அப்படியே நிமிர்ந்தார்கள். பரிமாறிக்கொண்டு நின்ற ஒரு மாமா கறி வாளியைக் கீழே வைச்சுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நாங்கள் பெடியள் ஒரு மேசையில் இருந்தம். "இது கென்னி ஜி தானே?" என்று எங்களில் ஒருத்தர் கேட்டார். மாமா கண்ணைத் திறந்தார். "கென்னியுமில்லை, கின்னியுமில்லை. இது பிரபு வாசிச்சது. டூயட்" என்றார்.

இரண்டு பதிலும் பிழை. அந்தச் சத்தம் கத்ரி கோபால்நாத்தின்ர. அந்தப் பந்தியில் அவருடைய பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். ஒரு சத்தம் முப்பது வருசமாக எங்கட சனத்தின்ர காதுக்குள்ள இருக்கு. அதை ஊதின மனிசனின்ர பேர் மட்டும் இல்லை. ஏன் அப்பிடி? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குது. எழுத எழுத வேறு சில கேள்விகளும் வந்து சேர்ந்தன.

பித்தளை உடம்பு, நாணல் நாக்கு

முதலில் வாத்தியத்தைப் பார்ப்பம். சாக்ஸபோனைச் செய்தவர் அடோல்ஃப் சாக்ஸ், பெல்ஜியம்காரர். 1846 இல் பரிசில் அதற்குக் காப்புரிமை எடுத்தார். வாத்தியத்துக்கு அவருடைய பேரே நிலைச்சுது. உடம்பு பித்தளை என்றபடியால் இதை ட்ரம்பெட் வகையில் சேர்க்கத் தோன்றும். ஆனால் சத்தம் பிறக்கிறது வாய்முனையில் கட்டியிருக்கிற ஒரு நாணல் தகட்டில். அதனால் கிளாரினெட், புல்லாங்குழல் இருக்கிற மரக்குழல் குடும்பத்தில்தான் இதையும் சேர்ப்பார்கள். எங்கட நாதஸ்வரத்துக்கும் சத்தம் சீவாளியில்தான் பிறக்குது. சீவாளியில் இரண்டு நாணல் இதழ்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், சாக்ஸபோனில் ஒன்றுதான். தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

சாக்ஸ் இதைச் செய்தபோது மனதில் இருந்தது பட்டாள பாண்ட். திறந்த வெளியில் கேட்கவேணும், மற்ற வாத்தியங்களுக்கு நடுவில் அமுங்கிப் போகக்கூடாது. பட்டாளத்தோடு அது ஐரோப்பியர் போன இடமெல்லாம் போனது. அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்கள் கையில் அது ஜாஸின் குரலானது. இந்தியாவில் அரண்மனை பாண்டுகளுக்குள்ளும் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள்ளும் புகுந்தது. தமிழ்ப்படத்தில் கனகாலமாக அதற்குக் கிடைச்ச வேலை கிளப் டான்ஸ் பாட்டும் கொள்ளைக்காரன் மாளிகையும்தான். சாக்ஸபோன் கேட்டால் சாராயக் குவளை தெரியும் என்ற மாதிரி.

எங்கட பக்கத்திலும் பாண்ட் புதுசில்லை. மன்னார்க் கரையில் கத்தோலிக்க ஊர்கள் அதிகம். திருநாள் பவனிக்கும் செத்த வீட்டுக்கும் பாண்ட் வாசிக்கிறது பழகின காட்சி. இந்தப் பக்கம் திருக்கேதீச்சரத்தில் நாதஸ்வரமும் தவிலும். அந்தப் பக்கம் மடுவில் பாட்டும் பவனியும். இடையில் மாதோட்டப்பாங்கு நாட்டுக்கூத்தின்ர மத்தளம். அடம்பன்காரரின் காது இந்த மூன்றுக்கும் நடுவில் வளர்ந்த காது. அதனால் ஒரு பித்தளைக் குழலிலிருந்து ராகம் வந்தபோது எங்கட சனம் திகைக்கவில்லை; அதை உடனே தங்கட ஆக்கிக்கொண்டது.

மங்களூரிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரரின் மகன்

கத்ரி கோபால்நாத் 1949 இல் கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்தில் பிறந்தார். தகப்பன் தனியப்பா நாதஸ்வரக் கலைஞர். மகனுக்கும் முதலில் கிடைச்சது நாதஸ்வரம்தான். ஒருநாள் மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டார். அந்தச் சத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கர்நாடக இசையை அந்த வாத்தியத்தில் வாசிக்கப் பழகினார். பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் சேர்ந்தார். வாத்தியத்தை வசப்படுத்த இருபது வருசத்துக்குக் கிட்ட எடுத்ததாகச் சொல்லுவார்கள்.

ஏன் இவ்வளவு காலம்? சாக்ஸபோன் விசைகளால் ஆன வாத்தியம். ஒரு விசையை அமத்தினால் ஒரு சுரம், விட்டால் இன்னொன்று. படிக்கட்டு மாதிரி. ஆனால் கர்நாடக ராகம் படிக்கட்டில் ஏறி இறங்கிறதில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்கு வழுக்கும், அசையும், நடுங்கும். கமகம் இல்லாட்டி ராகமே இல்லை. நாதஸ்வரத்தில் விரலால் துளையைப் பாதி மூடலாம், காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கு அந்தச் சுதந்திரம் குறைவு; உதட்டையும் தாடையையும் மூச்சையும் கொண்டுதான் சுரத்தை வளைக்கவேணும். கோபால்நாத் வாத்தியத்திலும் சில மாற்றங்கள் செய்தார். ஆனால் முக்கியமான மாற்றம் அவர் உடம்பில் நடந்தது. படிக்கட்டில் தண்ணி ஓடுகிற மாதிரி அவர் ஊதப் பழகினார்.

1980 இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் வாசிச்சார். கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹாண்டி, "நானும் உங்களோடு மேடையில் வாசிக்கலாமா" என்று கேட்டுச் சேர்ந்து வாசிச்சார். 1994 இல் இலண்டன் ரோயல் அல்பேட் மண்டபத்தில் பிபிசி நடத்துகிற ப்ரொமனேட் இசைவிழாவுக்கு அழைக்கப்பட்டார். அந்த விழாவுக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக்கலைஞர் அவர்தான் என்று சொல்லுகிறார்கள். அதே 1994 தான் டூயட் வந்த வருசமும்.

மேல்நாட்டு வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தது அவர் முதல் ஆளில்லை. வயலின் வந்து இருநூறு வருசத்துக்குக் கிட்ட ஆகுது. இப்ப அது இல்லாமல் கச்சேரியே இல்லை. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் மேடைக்குக் கொண்டுவந்தார்; அவரும் நாதஸ்வரம் பழகி வந்தவர்தான். மாண்டலினை யூ. ஸ்ரீநிவாஸ் சின்ன வயதிலேயே கொண்டுவந்தார். வந்த எல்லாவற்றையும் இந்த இசை தன்னுடைய இலக்கணத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டது. கோபால்நாத் சேலை வேட்டிக் கூட்டத்துக்கு முன்னால் சம்மணம்கட்டி இருந்து சாக்ஸபோன் வாசிச்சதும் அந்த வரிசையில் வந்த அடுத்த ஆள்தான்.

அந்தப் பக்கம்: கென்னி ஜி

இப்ப எங்கட மேசையில் சொன்ன பிழையான பதிலுக்கு வருவம். அந்தப் பிழைக்கு ஒரு காரணம் இருக்கு. 1990 களில் உலகத்தில் சாக்ஸபோன் என்றாலே ஒரு பேர்தான்.

கென்னி ஜி, முழுப்பேர் கெனத் கோரலிக், அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்தவர். நீட்டாக, நேராக இருக்கிற சொப்ரானோ சாக்ஸபோன் அவருடைய அடையாளம். 1986 இல் வந்த 'டுவோடோன்ஸ்' தொகுப்பிலிருந்த 'சோங்பேர்ட்' என்ற மெட்டு அவரைப் பிரபலமாக்கியது. பாட்டு வரி இல்லாத ஒரு மெட்டு அமெரிக்காவின் முதல் ஐந்து பாட்டுகளுக்குள் வந்தது பெரிய விசயம். 1992 நவம்பரில் 'ப்ரெத்லெஸ்' தொகுப்பு வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடி 20 இலட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் கிடைச்சது. வாத்திய இசைத் தொகுப்புகளில் இவ்வளவு விற்றது வேறில்லை என்று சொல்லுமளவுக்குப் போனது. அதிலிருந்த 'ஃபோரெவர் இன் லவ்' 1994 இல் கிராமி விருது வாங்கியது.

இந்த வகைக்கு 'ஸ்மூத் ஜாஸ்' என்று பேர். தமிழில் 'வழுவழு ஜாஸ்' என்றுதான் சொல்லவேணும். இசையை விடவும் வானொலி நிலையங்கள் வைச்ச பேர் அது. வேலைக்கிடையில், கார் ஓட்டும்போது, குழப்பமில்லாமல் கேட்கக்கூடிய மெட்டு, மெதுவான தாளம், திடீரென்று திரும்பாத பாதை. கென்னி ஜிக்கு முன்னாலேயே குரோவர் வோஷிங்டன் ஜூனியர் என்ற கறுப்பினக் கலைஞர் 1980 இல் 'வைன்லைட்' தொகுப்பில் இந்தப் பாதையைப் போட்டுவிட்டார். கென்னி ஜி அவரைக் கேட்டு வளர்ந்தவர்.

சனம் விரும்பினதுக்கு நேர்மாறாக ஜாஸ் விமர்சகர்கள் இவரை வெறுத்தார்கள். ஜாஸ் என்பது அந்த நேரத்தில் புதுசாகப் பிறக்கிறது, தேடுகிறது, தடுக்கி விழுகிறது. இவரிடம் தடுக்கலே இல்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. மின்தூக்கிக்குள் போடுகிற பாட்டு என்று பகிடி பண்ணினார்கள். செத்துப்போன லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் பழைய ஒலிப்பதிவுக்கு மேல் தன் சாக்ஸபோனைச் சேர்த்து 1999 இல் அவர் வெளியிட்டபோது, கிற்றார் கலைஞர் பாட் மெத்தினி கொதிச்சு எழுதினது இப்பவும் சுற்றிக்கொண்டிருக்கு. 2021 இல் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமும் வந்தது. "இவ்வளவு பேர் விரும்புகிறதை இவ்வளவு பேர் ஏன் வெறுக்கிறார்கள்?" என்பதுதான் அந்தப் படத்தின் கேள்வி.

சீனாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே அவருடைய 'கோயிங் ஹோம்' மெட்டைக் கடைகளும் பள்ளிக்கூடங்களும் மூடுகிற நேரத்தில் போடுவார்கள். அது கேட்டால் சனம் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பும். ஆரும் சட்டம் போடவில்லை, பழக்கமாகிப் போச்சு. 'கோயிங் ஹோம்' என்றால் வீடு திரும்புதல். விமர்சகர் இதை வெறும் சக்கரைத்தண்ணி என்றார். சீனத்துக் கடைக்காரப் பெட்டைக்கோ அது ஒரு நாள் வேலை முடிஞ்சதின் மணியோசை. ஒரு இசை என்னவாக இருக்கு என்பதை வாசிக்கிறவர் மட்டும் தீர்மானிக்கிறதில்லை. கேட்கிறவர் அதை எந்த நேரத்தில், என்ன நிலைமையில் கேட்டார் என்பதிலும் பாதி இருக்கு.

1994: டூயட்

அந்தப் பாதியைத்தான் எங்கட பக்கத்துக்கு எழுத நினைச்சம்.

கே. பாலச்சந்தரின் நிறுவனம் தயாரிச்ச 'ரோஜா' 1992 இல் ஏ.ஆர். ரஹ்மானை அறிமுகம் செய்தது. ஆனால் பாலச்சந்தரே இயக்கி ரஹ்மான் இசையமைச்ச முதல் படம் 1994 இல் வந்த 'டூயட்'. பாட்டெல்லாம் வைரமுத்து. கதை பிரெஞ்சு நாடகமான 'சிரானோ'வின் சாயல் கொண்டது: தன் தோற்றம் அழகில்லை என்று நினைக்கிற ஒருவன், தன் காதலைத் தானே சொல்ல முடியாமல் கலையில் சொல்லுகிறான். பிரபு அதில் சாக்ஸபோன் கலைஞர். ரமேஷ் அரவிந்த் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே பெண்ணில் விருப்பம், அந்தப் பெண் மீனாட்சி சேஷாத்ரி.

இப்பிடி ஒரு கதைக்கு சாக்ஸபோன்தான் கதாநாயகனின் வாய். அந்த வாய்க்கு மூச்சுக் கொடுத்தவர் கோபால்நாத். ஒலிப்பதிவைப் பற்றி அவர் பிறகு சொன்ன கதை பிரபலம். ரஹ்மானுக்கு ராகம் ராகமாக வாசிச்சுக் காட்டிக்கொண்டே போனாராம், எதுவும் பிடிக்கவில்லையாம். கடைசியில் கல்யாணவசந்தம் வாசிச்சவுடனே, இதுதான் வேணும் என்றாராம் ரஹ்மான். கல்யாணவசந்தம் கீரவாணியில் பிறந்த ராகம். பேரில் கலியாணமும் வசந்தமும் இருந்தாலும் கேட்டால் உள்ளுக்குள் ஒரு ஏக்கம் கிண்டும். சொல்ல முடியாத காதலுக்கு அது பொருந்திப் போனதில் ஆச்சரியமில்லை.

படத்தை விடப் பாட்டுகள் நீண்டநாள் வாழ்ந்தன. 'அஞ்சலி அஞ்சலி' கேட்காத தமிழர் இல்லை என்றே சொல்லலாம். கிளப் டான்ஸில் கிடந்த வாத்தியம் தமிழ்ப்படத்தில் கண்ணியமான காதலனின் கையில் வந்தது.

டைனமோ வெளிச்சத்தில்

1994 இல் அடம்பன் எப்பிடி இருந்தது? எங்களில் ஒருத்தரும் அப்ப பிறக்கவில்லை. கறி வாளி மாமாவைப் பிறகு போய்ச் சந்திச்சம். அவர் மாதிரி இன்னும் நாலைஞ்சு பேரோடும் கதைச்சம்.

மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. தடைசெய்த சாமான்களின் பட்டியலில் பற்றறியும் இருந்தது. பாட்டுக் கேட்கிறதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப்புக்குக் கொடுத்து, ஒருத்தர் பெடலைக் கையால் சுத்தவேணும். வடக்கில் அந்தக் காலத்தைக் கடந்த எல்லாருக்கும் இது தெரிஞ்ச கதை. மாமா சொன்னதில் எங்களுக்குப் புதுசாக இருந்தது இதுதான்:

"தம்பி, சுத்துறவன் களைச்சா பாட்டு இழுபடும். எஸ்.பி.பி.யின்ர குரல் கிழவன்ர குரல் மாதிரிப் போகும். வேகமாச் சுத்தினா கீச்சிடும். ஆனா அந்த சாக்ஸபோன் வாற இடம் மட்டும் எப்பிடி இழுபட்டாலும் நல்லாத்தான் இருக்கும். அதுவே இழுபட்ட சத்தம்தானே."

சிரிச்சுக்கொண்டு சொன்னார். ஆனால் நாங்கள் வீட்டுக்கு வந்து யோசிச்சம். கமகம் என்றால் என்ன என்று மேலே இரண்டு பந்தி எழுதியிருக்கிறம். மாமா அதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் இழுபடுகிறதுதான் அந்த இசையின் உயிர். கையால் சுத்தின மின்சாரத்தில் வேறு பாட்டுகள் உடைஞ்சபோது அது உடையவில்லை.

கசற் எப்பிடி வந்தது என்றும் கேட்டம். ஆளுக்கொரு பாதை சொன்னார்கள். மன்னார்க் கரையிலிருந்து 1990 இல் படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமிலும் மற்ற முகாம்களிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தது ஒன்று. றெக்கோடிங் பாரில் ஒரு வெற்றுக் கசற்றைக் கொடுத்து, விரும்பின பாட்டுகளைத் துண்டில் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்து எடுத்தது இன்னொன்று. கசற் இல்லாதவர்களுக்கு வானொலி. கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையங்கள் இந்தக் கரையில் நல்லா இழுக்கும். படத்தை அப்ப பார்த்தவர்கள் மிகக் குறைவு. கன பேருக்கு டூயட் படமில்லை, ஒரு சத்தம். பிரபு எப்பிடி ஊதினார் என்று அவர்கள் பார்த்ததே பல வருசத்துக்குப் பிறகு, சமாதான காலத்தில், உயிலங்குளம் தாண்டிச் சீடிகள் வரத் தொடங்கினபோதுதான்.

அப்ப, "பிரபு வாசிச்சது" என்று மாமா சொன்னது அறியாமை என்று நாங்கள் முதலில் நினைச்சது பிழை. ஒரு கசற் மூடியில் துண்டுப் பேப்பரில் 'டூயட்' என்று மட்டும் எழுதியிருந்தால், அதில் கத்ரி கோபால்நாத்தின் பேர் எங்கே இருக்கும்? பதிவு செய்து பதிவு செய்து கை மாறின சத்தத்தில் முதலில் உதிர்ந்து போறது வாத்தியக்காரரின் பேர்தான். பாடகரின் பேரைக் குரலில் கண்டுபிடிக்கலாம். நடிகரைப் படத்தில் பார்க்கலாம். ஊதினவர்தான் இடையில் காணாமல் போறார்.

ஒத்து ஊதினவர்கள்

பேர் காணாமல் போறது தற்செயல் மட்டுமில்லை என்றும் எங்களுக்குப் படுகுது.

கென்னி ஜி 1997 இல் கின்னஸ் சாதனை ஒன்று செய்தார். ஒரே ஒரு சுரத்தை நிறுத்தாமல் 45 நிமிடம் 47 விநாடி ஊதினார். மூக்கால் மூச்செடுத்துக்கொண்டே, கன்னத்தில் தேக்கி வைச்ச காற்றை வாயால் விட்டுக்கொண்டிருக்கிற முறை அது. உலகமே வியந்தது.

எங்கட மேளக்கச்சேரியில் ஒத்து என்று ஒரு குழல் இருந்தது. நாதஸ்வரம் மாதிரியே இருக்கும். ஆனால் ராகம் வாசிக்காது. பக்கத்தில் நின்று ஒரே ஒரு சுரத்தை, ஆதார சுருதியை, விடாமல் ஊதிக்கொண்டே இருக்கும். அதே மூச்சு முறைதான். திருவிழா இரவில் சாமி வீதி சுற்றி முடியும்வரை ஒத்துக்காரர் ஊதுவார். அவருக்குப் பக்கத்தில் மணிக்கூடு வைச்சு ஆரும் நிக்கவில்லை. சாதனைப் புத்தகத்தில் பேர் இல்லை. பிறகு சுருதிப்பெட்டி வந்தது, ஒத்துக்காரர் இல்லாமல் போனார். மொழியில் மட்டும் மிச்சம் இருக்கிறார், அதுவும் எப்பிடி? 'ஒத்து ஊதுகிறவன்' என்றால் சொந்தப் புத்தி இல்லாமல் ஆமாம் போடுகிறவன். உலக சாதனைக்குரிய ஒரு திறமையை நாங்கள் வசவாக்கி வைச்சிருக்கிறம்.

இதில் சாதியும் இருக்கு. மூடி மறைக்கிறதில் பிரயோசனமில்லை. நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சமூகத்தவரின் தொழில். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தட்சிணாமூர்த்தியின் தவிலையும் தமிழ்நாடே கொண்டாடியது. அப்பிடிப்பட்ட மேதைகள் பிறந்த மண் இது. ஆனாலும் கலியாண வீட்டில் மேளகாரரை நாங்கள் எங்கே இருத்துகிறம், அவர் வாசிக்கும்போது என்ன செய்கிறம்? சத்தமாகக் கதைக்கிறம். தாலி கட்டேக்க மட்டும் "கெட்டிமேளம்!" என்று கத்துகிறம். அதே ராகத்தை அதே வீட்டில் ஒருத்தர் சாக்ஸபோனில் வாசிச்சால் கதிரை போட்டு இருந்து கேட்கிறம், வீடியோ எடுக்கிறம்.

கோபால்நாத்தின் கதையை "மேல்நாட்டு வாத்தியத்தை வென்ற தமிழிசை" என்று பெருமையாகச் சொல்லுகிறது லேசு. ஆனால் அந்தச் சாக்ஸபோனுக்குள் இருந்தது ஒரு நாதஸ்வரக்காரரின் காது, தகப்பனிடமிருந்து வந்த காது. வாத்தியம் மாறினவுடனே மரியாதையும் மாறினது என்றால், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இசையையா, பித்தளையின்ர பளபளப்பையா?

எங்களில் எல்லாருக்கும் இதில் ஒரே கருத்தில்லை என்பதையும் சொல்லவேணும். "புது வாத்தியம் என்றபடியால்தான் புதுக்காதுகள் திறந்தது, அதில் என்ன பிழை?" என்று எங்களில் ஒருத்தர் கேட்டார். அதுவும் நியாயம்தான். கோபால்நாத்துக்குப் பிறகு பெண்களும் இந்த வாத்தியத்தை எடுத்தார்கள். லாவண்யா, சுப்புலட்சுமி சகோதரிகள் அதில் பேர் பெற்றவர்கள். நாதஸ்வரத்தில் பெண்களுக்கு அவ்வளவு லேசில் இடம் கிடைக்கவில்லை. புது வாத்தியத்துக்குப் பழைய வேலி கொஞ்சம் பதிவு என்று அவர் சொன்னதை நாங்கள் ஏற்றுக்கொண்டம்.

பகிடியாக வந்த இசைத்தட்டு

வேலிக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு கதையையும் சொல்லவேணும். ருத்ரேஷ் மகந்தப்பா அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளி ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். படிக்கிற காலத்தில் அவருடைய அண்ணன் பகிடிக்கு ஒரு இசைத்தட்டுக் கொடுத்தார். இந்திய முறையில் சாக்ஸபோன் என்ற அர்த்தம் வாற தலைப்பு அதற்கு. இந்தியன் சாக்ஸபோனை எப்பிடி ஊதுவான் என்று சிரிக்கிறதுக்குத்தான் கொடுத்தது. போட்டுக் கேட்டால் கோபால்நாத். சிரிப்பு நின்றுபோனது. பிறகு அவரைத் தேடி வந்து பழகி, இரண்டு பேரும் சேர்ந்து 2008 இல் 'கின்ஸ்மென்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். 'சொந்தக்காரர்' என்று அதற்கு அர்த்தம். வயலினில் கன்யாகுமரி. கென்னி ஜியைத் தூக்கி எறிஞ்ச அதே ஜாஸ் விமர்சகர் உலகம் இதைக் கொண்டாடியது.

அந்தத் தொகுப்பு வந்த 2008 இல் எங்கட ஊர் எங்கே இருந்தது? அந்த வருசம் மே மாதம் அடம்பன் இராணுவத்தின் கைக்குப் போனது. சனம் அதற்கு முன்னமே கிளம்பிவிட்டது. மாந்தை மேற்கிலிருந்து கிளிநொச்சிக்கு, அங்கிருந்து இன்னும் கிழக்கே, கடைசியில் முள்ளிவாய்க்கால் வரை. பிறகு முகாம். பிறகுதான் வீடு திரும்புதல். அதற்குக் கென்னி ஜியின்ர மெட்டு ஒன்றும் ஒலிக்கவில்லை.

மாமாவிடம் கடைசியாகக் கேட்டது, அந்தக் கசற் என்ன ஆனது என்று. "ஒரு சூட்கேசுக்குள்ள எல்லாக் கசற்றும் கிடந்தது. முதல் இடப்பெயர்வில கொண்டு போனன். இரண்டாவதில பாதியை விட்டன். பிறகு உடுப்பா கசற்றா எண்டு வந்தா என்ன செய்யிறது? பிள்ளையின்ர பால்மாவைத்தான் தூக்கினன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டு காதுக்குள்ள தானே. அதைச் செக் பொயின்ரில பறிக்க ஏலாது" என்றார்.

ஏன் இதை எழுதினம்

கென்னி ஜியின் தொகுப்பு எத்தனை பிரதி விற்றது என்று ஒற்றை இலக்கம் பிசகாமல் பதிவு இருக்கு. யார் திட்டினார்கள், யார் பாராட்டினார்கள் என்றும் இருக்கு. டூயட்டுக்குச் சென்னைப் பத்திரிகை விமர்சனங்கள் இருக்கும். ஆனால் ஒரு சைக்கிள் சில்லு சுத்தி அந்தப் பாட்டை இங்கே ஆர் கேட்டார்கள், ஒரு கசற் எத்தனை கை மாறினது, எந்த இடப்பெயர்வில் எந்தத் திருப்பத்தில் அது விடப்பட்டது என்று எந்தக் கணக்கிலும் இல்லை. விற்பனைக் கணக்கில் அடம்பனின் இலக்கம் பூச்சியம். கடையில் காசு கொடுத்து மூலக் கசற் வாங்கினவர் இங்கே இல்லை. கேட்டவர் கணக்கெடுத்தால் அது ஊர் முழுக்க.

ஒரு இசையின் வரவேற்பு என்று சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்லவேணும். அது எழுதாமல் கிடக்கு. அதைச் சொல்லக்கூடிய ஆக்களுக்கு இப்ப ஐம்பது, அறுபது வயது. இன்னும் இருபது வருசத்தில் கேட்க ஆளிருக்காது.

கத்ரி கோபால்நாத் 2019 ஒக்டோபர் 11 இல் மங்களூரில் காலமானார். 2004 இல் பத்மஸ்ரீ கிடைச்சவர், உலக மேடைகளில் வாசிச்சவர். அவருடைய மூச்சு வன்னிக் காட்டோரத்தில் கையால் சுத்தின மின்சாரத்தில் ஒலிச்சது அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை.

மாமாவுக்கு அவருடைய படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினம். நெற்றியில் குங்குமம், பட்டுச்சட்டை, சம்மணம்கட்டி இருந்த மடியில் பளபளக்கிற சாக்ஸபோன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுப் போட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தார். "இவரோ?" என்றார். "எங்கட கோயில் மேளகாரர் மாதிரியெல்லோ இருக்கிறார்."

ஓம் மாமா. அதுதான் விசயம்.

இந்தக் கிழமை வீட்டில் இருக்கிற மூத்த ஆக்களிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: கரண்ட் இல்லாத காலத்தில் நீங்கள் கேட்ட பாட்டு எது, எப்பிடிக் கேட்டனீங்கள்? சொல்லுகிறதைத் திகதியோடு எழுதி வையுங்கோ. அடுத்த கலியாண வீட்டில் மேளம் வாசிக்கேக்க ஐந்து நிமிடம் கதைக்காமல் இருந்து கேளுங்கோ. முடிஞ்ச பிறகு எழும்பிப் போய் அவரிட்டப் பேரைக் கேளுங்கோ.